வாங்குவோர்க்கும் அறம் உண்டோ?

பொருள் விற்பவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை நம் முன்னோர் தெளிவாகவே சொல்லி வைத்திருக்கின்றனர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் பேசும் பட்டினப்பாலை, அவர்கள் அளவுக்கு மிஞ்சி விலை கொள்ளாததையும், கொடுக்கும் பண்டத்தில் குறை வைக்காததையும் பாராட்டுகிறது. வள்ளுவரோ நடுவு நிலைமை அதிகாரத்தை முடிக்குமிடத்தில் வணிகனை நினைவுகூர்ந்து, தன் பொருளுக்குக் காட்டும் அக்கறையைப் பிறர் பொருளுக்கும் காட்டு என்கிறார். இவை யாவும் கடையின் உட்புறம் அமர்ந்திருப்பவனுக்குச் சொன்னவை. கடைக்கு வெளியே பையுடன் நிற்பவனுக்கு ஏதேனும் கடமை உண்டா? காசைக் கொடுத்துப் பண்டத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பிவிட்டால் அவன் கணக்கு தீர்ந்துவிடுகிறதா?

இவ்வினாவை நான் நூல்களில் கண்டெடுக்கவில்லை. கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில், பாதிக் கதவு அடைத்த ஒரு மளிகைக் கடையின் முன்னே நின்றபோது எனக்கு அது எழுந்தது.

தங்கவயலை அறியாத இளைய தலைமுறைக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து சேர்ந்தனர். 1902இல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் முதலில் சென்றடைந்தது அந்தச் சுரங்கங்களுக்குத்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் அவை நடுவண் அரசிடம் வந்து, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனமாயின. ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது. பாறையில் பொன் குறைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கத்தைப் பற்றி எழுதியவர் பலர். மூடப்பட்ட நாளையும் சயனைடு மேடுகளையும் படம் பிடித்தவர் பலர். அச்சுரங்கத்தை நம்பியே வாழ்ந்த கடைத்தெருவைப் பற்றி எழுதுவார் அரியர். வேட்டியும் விளக்கெண்ணெயும் விற்றவனுக்கு வரலாற்றில் இடம் இல்லை போலும்!

என் சிறு வயதில், அதாவது 1980களின் இறுதியில், சம்பள நாளன்று அந்த மார்க்கெட்டைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியன் ரீஃபிலிருந்தும் உரிகத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக நடந்து வருவார்கள். துணிக்கடைப் படியில் செருப்புகள் குவிந்து கிடக்கும். பாத்திரக் கடைக்காரர் பெயர் வெட்டிக் கொடுக்கும் உளியோசை தெருமுனை வரை கேட்கும். நகைக்கடைகளிலும் கூட்டம்தான். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு நீங்கவில்லை. மண்ணுக்குள் இறங்கிப் பொன்னை வெட்டியவன் என் தந்தை. அந்தப் பொன் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. ஆங்கிலேயர் காலத்தில் அது கப்பலேறியது. என் தாயின் காதிலிருந்த அரைச் சவரன் தோடு, மார்க்கெட்டில் சீட்டுக் கட்டி வாங்கியது. பள்ளி திறக்கும் மாதங்களில் அதே தெருவின் அடகுக் கடைக்கு அது போய் வரும்.

இவ்வளவு கூட்டமும் ரொக்கத்துக்கு நடந்த வாணிகம் அன்று. அதன் அச்சாணி ஒரு கணக்கு நோட்டு. நீளவாக்கில் தைத்த மெல்லிய நோட்டு. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, புளி, சீமெண்ணெய் என்று செட்டியார் எழுதிக்கொண்டே வருவார். நானும் தம்பியும் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் பண்டம் வந்துவிடும். சம்பள நாளில் அப்பா கணக்கை அடைப்பார். முழுதும் அடைத்த மாதங்கள் குறைவு. நிலுவை அடுத்த பக்கத்தின் தலைப்பில் ஏறும்.

மார்க்கெட்டில் இருந்தவரெல்லாம் அறவோர் என்று நான் சொல்லவரவில்லை. எடைக்கல்லில் கைவைத்தவர்களும் இருந்தார்கள். கடனுக்கு விற்பவர் விலையில் ஓரிரு ரூபாய் ஏற்றியே விற்றார். அதை எல்லாரும் அறிவர். சுரங்கத்துச் சம்பளம் தவறாது வரும் என்னும் உறுதியின் பேரில் கொடுத்த கடன் அது. ஆகவே அதை உதவி என்று கொண்டாட வேண்டியதில்லை. தொழில் என்றே கொள்ளலாம். அலுவலகத்தில் என் அருகே அமரும் நண்பர் ஒருவர் இதைத்தான் வாதிடுவார். “அவர் இலாபம் வைத்து விற்றார், நீங்கள் கொடுத்துத் தீர்த்தீர்கள், இதில் நன்றி எங்கே வந்தது?” என்பார். நல்ல வாதம்தான். 2001 பிப்ரவரி வரைக்கும் அது பொருந்தும்.

அதன்பின் நடந்ததற்கு அது பொருந்தாது. சுரங்கம் நின்ற மறு மாதமே சம்பளம் என்னும் உறுதி போய்விட்டது. பிரிவுத் தொகை எப்போது வரும், எவ்வளவு வரும் என்று எவர்க்கும் தெரியவில்லை. நான் அப்போது பி.ஏ. கடைசி ஆண்டு. அப்பா திண்ணையில் அமர்ந்து இருமிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு தானே கடைக்குப் போனார். எங்களை அனுப்பக் கூச்சப்பட்டார் என்று இப்போது தோன்றுகிறது. செட்டியார் நோட்டை வாங்கி, பழைய நிலுவையை மேலே எழுதி, கீழே அன்றைய அரிசியை எழுதினார். வேறொன்றும் கேட்கவில்லை. இப்படி எத்தனை மாதங்கள் சென்றன! எங்கள் லைனில் எங்களைப் போல் இன்னும் பல வீடுகள். அந்த வாணிகத்துக்கு எந்த உறுதியும் இல்லை. வாணிகக் கணக்கில் அடங்காத ஏதோ ஒன்று அங்கே நடந்தது.

பிரிவுத் தொகை கைக்கு வந்ததும் அப்பா செய்த முதற்காரியம் அந்த நிலுவையை அடைத்தது. வட்டியென்று ஏதேனும் சேர்த்துக் கொள்ளும்படி அப்பா சொன்னபோது, செட்டியார் சிரித்துவிட்டு நோட்டின் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்தார். எங்கள் கணக்கு தீர்ந்தது. நாங்களும் அப்படித்தான் எண்ணினோம்.

சில ஆண்டுகளில் பணியாளர் தேர்வாணையத் தேர்வெழுதி நடுவண் அரசு எழுத்தரானேன். தங்கவயலில் பிழைப்பு தேடியவர்களுக்கு அப்போது இருந்த வழி ஒன்றே: விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்வது, இருட்டிய பின் திரும்புவது. ஆயிரக்கணக்கானோர் இன்றும் அப்படித்தான் போய் வருகின்றனர். விடியலில் போகும்போது மார்க்கெட் திறந்திருக்காது. இரவில் வரும்போது அடைத்திருக்கும். கடைத்தெருவின் வீழ்ச்சிக்கு இந்த ரயில் அட்டவணையும் ஒரு காரணம் என்பேன். சம்பளம் பெங்களூரில் கிடைத்தது, பெங்களூரிலேயே செலவாகியது. 2004இல் கோரமங்கலாவில் ஃபோரம் என்னும் பெரிய வணிக வளாகம் திறந்தார்கள். எங்கள் லைனில் வளர்ந்த ஒருவர் அத்தகைய வளாகம் ஒன்றில் காவலராக நின்றார். அவர் தந்தை சுரங்க வாயிலில் தலைவிளக்கு அணிந்து நின்றவர்.

அந்த வளாகங்களுக்கும் மூப்பு உண்டு. 1956இல் அமெரிக்காவில் திறக்கப்பட்ட, மேற்கூரை மூடிக் குளிரூட்டிய முதல் வணிக வளாகத்தை வடிவமைத்தவர் விக்டர் குரூயன். மக்கள் கூடிப் பழகும் ஊர்ச் சதுக்கமாக அது விளங்கும் என்று கனவு கண்ட அவரே, பிற்காலத்தில் தம் படைப்பின் வழிவந்தவற்றை வெறுத்து ஒதுக்கினார். சென்னை அண்ணா சாலையில் ஒரு காலத்தில் கூட்டம் தாங்காத ஸ்பென்சர் பிளாசாவிலும் பின்னாளில் கடைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. அவற்றைக் காணும்போது வருத்தம் உண்டாகலாம், உறுத்தல் உண்டாவதில்லை. அங்கே யாரும் நமக்காக ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கவில்லை.

என் உறுத்தலுக்கு வருகிறேன். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவையும் வீட்டுக்கு மாத மளிகையும் பெங்களூரிலேயே வாங்கினேன். துவரம் பருப்பு கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவு, எண்ணெய் நான்கு ரூபாய் குறைவு என்று கணக்குச் சொல்லிப் பெருமையாக மூட்டையை இறக்கினேன். “செட்டியார் கடையிலயே வாங்கியிருக்கலாமே” என்றார் அம்மா. நான் விலைக் கணக்கை மீண்டும் சொன்னேன். எங்கள் வறுமையை முழுதும் அந்தக் கடைக்குக் கொண்டு போனோம். வளம் என்று சிறிது வந்ததும் அதை வேறிடத்துக்குக் கொண்டு போனேன். கடனுக்கு அவர் கடை. ரொக்கத்துக்கு அயலூர்க் கடை. இதற்கு விலைக் கணக்கு எப்படி விடையாகும்?

இதைக் கொண்டு எல்லாரையும் குற்றம் சாட்ட நான் ஒருப்படேன். நாள் கூலிக்குப் பெங்களூர் சென்று வருபவர், பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க மலிவான கடையை நாடினால் அது குடும்பத்துக்குச் செய்யும் கடமை. சிக்கனமும் அறமே. மாதம் பிறந்தால் தவறாது சம்பளம் பெறும் என் போன்றோர் அந்தப் பத்து ரூபாயைக் காரணம் காட்டுவதுதான் சரியன்று. அறம் எல்லார் தோளிலும் ஒரே எடையாக ஏறுவதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அப்பா மறைந்தபின், ஒரு ஞாயிறன்று அந்தக் கடைக்குப் போனேன். முன்பாதியைச் செல்பேசிக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் செட்டியார் அமர்ந்திருந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல் இரண்டு கிலோ வெல்லம் கேட்டேன். அவர் தராசைத் தொடவில்லை.

“அம்மாவுக்குச் சர்க்கரை ஆச்சே தம்பி. வெல்லம் யாருக்கு?” என்றார்.

நான் விழித்தேன். என் இரக்கத்தை அவர் கண்டுகொண்டார் என்பது தெரிந்தது. வேண்டாத பொருளை வாங்குவது வணிகனுக்குச் செய்யும் மரியாதை அன்று. பிச்சைக்கு வாணிகம் என்று பெயர் சூட்டுவது. அவர் எங்களுக்கு அரிசி கொடுத்தபோது ஒருமுறையேனும் அப்படி எங்களைக் குறைத்தாரா? நோட்டில் எழுதிக்கொண்டார், நாங்கள் திருப்பித் தருவோம் என்று நம்பினார். எங்களைக் கடன்காரராக மதித்தார்; இரவலராக நினைக்கவில்லை. அவருக்கு நான் ஏதேனும் திருப்பிச் செய்வதானால் அதே மதிப்போடு செய்தாக வேண்டும். அவரிடம் வாடிக்கையாளனாகத்தான் போக வேண்டும். வெல்லத்தை விட்டுவிட்டு, வீட்டில் உண்மையிலேயே தீர்ந்துபோன உப்பும் மிளகாயும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு மார்க்கெட்டைத் தனியொருவர் வாங்கிக் காப்பாற்ற முடியாது. சுரங்கம் மூடியதால் தளர்ந்த தெரு என் மாத மளிகையால் நிமிரப்போவதில்லை. ஆயினும் என் வீட்டு நோட்டு அந்த முழுத் தெருவின் கணக்கு அன்றே! அதற்கு மட்டும் நான் பொறுப்பு.

இப்போது நான் பெங்களூரில் குடியிருக்கிறேன். அம்மா சாம்பியன் ரீஃபை விட்டு வர மறுத்துவிட்டார். செட்டியாரும் காலமாகிவிட்டார், அவர் மகன் கடையை நடத்துகிறார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அவருக்கு முன்பணம் அனுப்பிவிடுகிறேன். அம்மா வேண்டியதைச் சொல்லி அனுப்புகிறார். அவர் பொருளைக் கொடுத்து எழுதி வைக்கிறார். நீளவாக்கில் தைத்த நோட்டு இப்போது கிடைப்பதில்லையாம். பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுதான். அதில் முன்பு எங்கள் நிலுவை இருந்த இடத்தில் இன்று எங்கள் இருப்பு நிற்கிறது.

சென்ற மாதம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். பருப்பு கிலோவுக்கு எட்டு ரூபாய் அதிகமாகப் போட்டிருக்கிறானாம். “பெங்களூர்ல என்ன விலை?” என்று கேட்டார். விலை எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.