பழுதுபார்ப்பது யாருக்காக?

கொட்டிவாக்கத்தில் குடியிருப்போருக்கு மணலைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கூட்டிய கூடத்தில் மாலைக்குள் கடற்காற்று மீண்டும் மணலைப் பரப்பிவிடும். அக்காற்றிலுள்ள உப்போ வீட்டு இரும்பையெல்லாம் மெல்ல மெல்லத் தின்றுவிடும். இத்தகைய ஊரில் பழைய தூசி உறிஞ்சும் இயந்திரங்களைத் தேடிச் சேர்த்துச் செப்பனிடுவதை நாம் பொழுதுபோக்காக மேற்கொண்டது சற்று விந்தையே.

நம்மிடம் இருப்பவை மூன்றே. அவற்றுள் மூத்தது, காயலான் கடையொன்றில் எடைக்குப் போடப்பட்டுக் கிடந்தது, பெயர்த்தகடுகூட உதிர்ந்துபோயிருந்தது. மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, மின்கம்பியின் ரப்பர் உறை வெடித்து, பேரிங்கிலிருந்த கிரீஸ் கல்லாய் இறுகியிருந்தது. காயில் கட்டித் தந்தவர், “இந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாமே சார்” என்று நம்மை இரக்கத்துடன் பார்த்தார். இரண்டு மாத உழைப்புக்குப் பின் அது ஓடியது. கிழிந்திருந்த துணிப்பையை அவிழ்த்து அளவெடுத்து, அதே கெட்டித் துணியில் புதுப்பை தைப்பித்தோம். ஏனெனில் பழம்பொருள் சேகரிப்போரிடையே எழுதாச் சட்டம் ஒன்றுண்டு: ஒரு பொருள் எவ்வாறு பிறந்ததோ, அவ்வாறே அதனை மீட்க வேண்டும். புதிதாய் ஒரு துளையிடுவதும் பிழையே.

பின்பு அதனைக் கூடத்தில் பார்வைக்கு வைத்தோம். நம் வீட்டைக் கூட்டிப் பெருக்க வரும் அம்மையாரிடம், அதைத் தொட வேண்டாம் என்றும் சொல்லி வைத்தோம். சில நாள் கழித்து அவர் கேட்டார்: “இது ஓடுமா சார்?” ஓடும் என்றோம். “அப்புறம் ஏன் சும்மா நிக்குது?” தூசியினால் அவருக்கு நெடுநாளாய் இருமல் உண்டு. அது நமக்குத் தெரியாததன்று.

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். 1901-இல் இங்கிலாந்தின் ஹியூபர்ட் செசில் பூத் அமைத்த உறிஞ்சு இயந்திரம், குதிரை வண்டியில் தெருவுக்கு வந்து நின்று, சாளரங்களின் வழியே நீண்ட குழாய்களைச் செலுத்திச் செல்வர் மாளிகைகளைத் தூய்மை செய்தது. ஸ்பாங்லரோ அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில், ஒரு பெருங்கடையைக் கூட்டிப் பெருக்கும் ஊழியர், ஆஸ்துமா நோயாளி. துடைப்பம் கிளப்பிய தூசி மூச்சை அடைக்கவே, மின்விசிறி, பெட்டி, தலையணை உறை, துடைப்பக் கழி ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கருவி செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனை வாங்கி உலகெங்கும் பரப்பியவர் தோல்பொருள் வணிகரான ஹூவர். பெயரும் அவருக்கே நிலைத்தது. ஸ்பாங்லருக்கு உரிமைத்தொகை கிடைத்து வந்தது என்பதையும் சொல்லிவிடுதல் நியாயம்.

நம் நாட்டில் 1982-இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் இக்கருவியை வீடு வீடாகக் கொண்டுவந்து இயக்கிக் காட்டினர். வாங்கிய வீடுகள் பலவற்றில் அது பரண் ஏறிற்று. துடைப்பம் பிடித்தவர் தொடர்ந்து துடைப்பமே பிடித்தார்.

கூட்டுபவர் ஒருவரின் மூச்சுக்காகப் பிறந்த கருவியை, கூட்டுபவர் தொடலாகாது என்று நாம் விலக்கி வைத்திருந்தோம். இதுவா அது பிறந்தவாறே மீட்பது?

மறுநாள் அவரிடமே கொடுத்தோம். அப்போதுதான் இன்னொன்று விளங்கிற்று. நாம் பெருமையுடன் தைப்பித்த பையின் இழைகளூடே நுண்தூசி வெளியேறி அவர் முகத்திலேயே படிந்தது! காற்று வெளியேறும் வாயில் புது வடிகட்டி பொருத்தலாம். ஆனால் அதற்கு உலோக உடலில் நான்கு துளைகள் இட்டாக வேண்டும்.

துளையிடலாகாது என்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கேற்ப மாற்றிவிட்டால், முன்னோரின் கைத்திறனை நாளைய தலைமுறை எங்கே காணும்? அருங்காட்சியகத்தில் ஒன்றையேனும் மாற்றாமல் காக்கத்தான் வேண்டும். ஆயினும் நம் வீடு அருங்காட்சியகமன்று. நம்முடையது உலகின் கடைசி இயந்திரமுமன்று. உண்மையில் நாம் காக்க விரும்பியது வரலாற்றையா, வரும் நண்பர்களின் பாராட்டையா என்று கேட்டுக்கொண்டபோது, விடை நமக்கு உவப்பாயில்லை.

சென்ற மாதம் துளையிட்டோம். நான்கில் ஒன்று சற்றுக் கோணலாகிவிட்டது. இப்போது தூசி வருவதில்லை என்கிறார் அவர். எடைதான் அதிகமாம், மாடிக்குத் தூக்க முடியவில்லையாம். இப்போது அதனை மாடிக்குத் தூக்கிச் செல்வது நாம்.