பறிக்கப்பட்ட எட்டுப் பதக்கங்கள்

தென்னாப்பிரிக்காவின் கொலென்சோ போர்க்களத்தில், 1899 டிசம்பர் 15 அன்று, ஜார்ஜ் ரேவன்ஹில் என்ற சிப்பாய் மறைவிடத்தை விட்டுப் பலமுறை வெளியே ஓடினார். குண்டுமழையில் சிக்கிய பீரங்கிகளை மீட்க முயன்றவர்களுக்குக் கைகொடுக்கவே ஓடினார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது. 1908இல் இரும்பு திருடியதாகத் தண்டிக்கப்பட்டார். அபராதம் கட்டப் பணமில்லாமல் சிறைக்குப் போனார். பதக்கமும் பறிபோனது.

1856இல் விக்டோரியா அரசி இந்தப் பதக்கத்தை ஏற்படுத்திய ஆணையிலேயே அதற்கு வழி இருந்தது. தேசத்துரோகம், கோழைத்தனம், பெருங்குற்றம், இழிவான குற்றம் ஆகியவற்றுக்காகப் பதக்கத்தைத் திரும்பப் பெறலாம் என்று அது சொன்னது. 1861 முதல் 1908 வரை எட்டுப் பேர் அப்படி இழந்தார்கள். ஒருவர் திருடியது பசு, இன்னொருவர் திருடியது ஓட்ஸும் வைக்கோலும், வேறொருவர் இரண்டாம் தாரம் கட்டியவர். எட்டுப் பேரில் அதிகாரி ஒருவர் மட்டுமே. மற்ற எழுவரும் சாதாரணப் படைவீரர்கள். அதிகாரிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. வறுமை தூண்டும் குற்றங்கள்தாம் பெரும்பாலும் அந்தத் தராசில் ஏறின.

பறிப்பதை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிடக் கூடாது. நாட்டின் பெயரால் தரப்பட்ட மரியாதையை அணிந்துகொண்டு ஒருவர் குற்றவாளியாக நடமாடினால், அதே பதக்கத்தைப் பெற்ற மற்றவர்களுக்கு அது தலைகுனிவு. அவரால் பாதிக்கப்பட்டவர் அந்த மார்பைப் பார்க்கும்போது படும் வேதனையும் பொய்யல்ல.

ஆனால் பதக்கம் எதற்குக் கொடுக்கப்பட்டது? 1830இல் தொடங்கிய நீண்டகாலச் சேவை, நன்னடத்தைப் பதக்கம் பல ஆண்டு ஒழுக்கத்துக்கானது. ஒழுக்கம் தவறியவரிடமிருந்து அதைத் திரும்பக் கேட்பதில் நியாயம் உண்டு. விக்டோரியா கிராஸ் அப்படியல்ல. எதிரியின் முன்னால், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் செய்த ஒரு செயலுக்கு அது சாட்சி. பிறகு அந்த மனிதர் என்ன ஆனாலும் அந்தச் செயல் நடந்தது நடந்ததுதான். அதன் பதிவை அழிப்பது, குற்றத்துக்குத் தண்டனை என்ற பெயரில் உண்மையைத் திருத்துவது.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இதை உணர்ந்திருந்தார். கொலைக்குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறுபவர்கூட இந்தப் பதக்கத்தை அணிந்தபடியே ஏறலாம் என்பது அவர் நிலைப்பாடு. 1920இல் அவருடைய தனிச்செயலர் அதைக் கடிதமாகவே எழுதினார். 1908க்குப் பிறகு யாருடைய விக்டோரியா கிராஸும் பறிக்கப்படவில்லை.

வாலன்டைன் பாம்பிரிக்கின் கதை இன்னும் கொடுமை. 1858இல் பரேலியில், கிளர்ந்தெழுந்த இந்தியர்களை எதிர்த்துப் போரிட்டுப் பதக்கம் பெற்றவர் அவர். அந்த வீரத்தைக் கொண்டாட இந்திய வாசகருக்கு மனம் வராது. வர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அவருக்கு நேர்ந்தது வேறு கேள்வி. சக வீரரின் பதக்கங்களைத் திருடியதாக 1863இல் அவர் தண்டிக்கப்பட்டார். திருடவில்லை என்றே சொல்லிவந்தார். மறு ஆண்டு லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிட்டு இறந்தார். திருட்டுக்கான தண்டனையைச் சிறைவாசமாக நீதிமன்றம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. பதக்கப் பறிப்பு அதற்கு மேல் விழுந்த இரண்டாவது அடி.

அந்த அடி மானத்தோடு நிற்கவில்லை. அதிகாரி அல்லாதவருக்கு இப்பதக்கத்தோடு ஆண்டுக்கு 10 பவுண்டு ஓய்வூதியம் என்று 1856 ஆணை வகுத்திருந்தது. பதக்கம் போனால் அதுவும் நின்றது. அபராதம் கட்ட வழியில்லாத ரேவன்ஹில் போன்றவர்களிடமிருந்து வருமானத்தையும் பறித்தும், இரும்பைப் பறிகொடுத்தவருக்கு ஒரு ஷில்லிங்கூடக் கிடைக்கவில்லை.