ஊர் மாறினால் இன்பம் மாறுமா?

ஆட்டையாம்பட்டி கைமுறுக்குக்குப் பேர்போன ஊர். அரிசி மாவை விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்றும் பெண்கள் ஒருபுறம், தறிச் சத்தம் ஒருபுறம். இப்படி உழைக்கிற ஊரிலும் ஒரு பேச்சு ஓயாமல் கேட்கும்: "திருப்பூர் போனவன் நல்லா இருக்கறான். சிங்கப்பூர் போனவன் அதவிட நல்லா இருக்கறான். இந்த ஊர்ல என்ன இருக்குது?" பெரியவர்கள் சொல்லும் பதில், "சந்தோசம் மனசுல இருக்குதப்பா, ஊர்ல இல்ல."

இவற்றில் எது மெய்?

2012 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்று வெளிவருகிறது. பத்துப் படி கொண்ட ஏணியில் உங்கள் வாழ்வு எந்தப் படியில் நிற்கிறது என்று அந்தந்த நாட்டு மக்களிடமே கேட்கிறார்கள். 2018 முதல் பின்லாந்துதான் முதலிடம். 2025இல் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118ஆம் இடம். ஆகவே இடத்துக்கு இடம் இன்பம் மாறுவது மெய்தான். ஆனால் காரணம் பணம் மட்டுமல்ல. கஷ்டத்தில் கைகொடுக்க ஆள் உண்டா, தன் வாழ்வைத் தானே நடத்த முடிகிறதா, கொடுக்கும் மனம் உண்டா என்பவையும் காரணங்கள். பிறரோடு சேர்ந்து உண்பவர்களுக்கு வாழ்வில் நிறைவு அதிகம் என்றும் 2025 அறிக்கை சொல்கிறது.

சமபந்தியில் அமர்ந்த அன்புக்கொடி மக்களுக்கு இது புதிதல்ல.

1833 மாசி 20இல் அய்யா வைகுண்டராய்க் கடலிலிருந்து எழுந்தருளிய காலத்தில், தென்திருவிதாங்கூரில் எல்லாருக்கும் ஒரே கடல், ஒரே மழை, ஒரே பனைமரம். ஆனால் ஒருவன் தலைப்பாகை கட்டி நடந்தான். இன்னொருவன் தலைக்கு வரி கட்டினான். அவன் வீட்டுப் பெண் தோள்சீலை போடக்கூடாது. பொதுக்கிணற்றில் நீர் மொள்ளக்கூடாது. துன்பம் மண்ணில் இல்லை. மனிதர் போட்ட தடையில் இருந்தது.

"எல்லாம் மனதில்தான், பொறுத்துக்கொள்" என்று சொல்லி அய்யா அவர்களை விட்டுவிடவில்லை. வேறு சீமைக்கு அழைத்துப் போகவும் இல்லை. சாமிதோப்பில் எல்லாருக்கும் பொதுவாக முத்திரிக்கிணறு அமைத்தார். தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். ஒரே பந்தியில் உண்ண வைத்தார். மண் அதே மண்தான். அங்கே வாழ்வதன் பொருள் மாறியது.

துவையல் தவத்தில் ஒருவேளை உண்டு துன்பம் தாங்கியவர்கள் உண்டே என்று கேட்கலாம். அது அவர்கள் தாமே ஏற்ற தவம். பிறர் மேல் சுமத்திய துன்பத்தைத் தவம் என்று சொல்லி அடக்குவது தர்மம் ஆகாது.

இன்று வடமாநிலத்திலிருந்து தறிக்கும் கட்டட வேலைக்கும் சேலம், நாமக்கல் சீமைக்கு ஆட்கள் வருகிறார்கள். சிங்கப்பூர் போனவனுக்கு அந்த ஊர் எப்படியோ, இவர்களுக்கு இந்த ஊர் அப்படி. அவனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கிறதா? குழாயடியில் குடம் வைக்க இடம் உண்டா? அன்னதருமத்தன்று பந்தியில் அமர்த்துகிறார்களா, வாசலில் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறார்களா?

பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்பவர் தமக்குள் இருக்கும் இறைவனைக் காண்கிறார். அதே கண்ணாடி முன் அந்த வடநாட்டுப் பையன் நின்றாலும் தெரிவது அதே இறைவன்தான். அவனுக்கு இலை போடுகிற ஊரில் இன்பம் இருக்கும்.

அய்யா உண்டு