எச்சரிக்கையின் மறுமுனை

ஓர் அபாயத்தைக் குறித்து எச்சரித்துவிட்டால், எச்சரித்தவரின் கடமை அத்துடன் தீர்ந்துவிடுமா? பதுளை மாவட்டத்தில், அதிலும் மடுல்சீமை போன்ற மலைத்தோட்டங்களில் வாழும் நமக்கு இது வெறும் தத்துவ விசாரமன்று. பசறையிலிருந்து மேலேறி வரும் பாதையில் மண் சரிந்தால் வண்டி நின்றுவிடும். மின்சாரம் அற்றால் சிறிது நேரத்தில் கைத்தொலைபேசியும் ஊமையாகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இம்மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது, உயிரோடிருக்கிறோம் என்ற ஒரு சொல்லை உறவினருக்கு அனுப்ப வழியின்றித் தவித்த குடும்பங்கள் எத்தனை!

இக்கேள்வியை ஆராய அமெச்சூர் வானொலி நமக்கு உதவும். அது ஒரு பொழுதுபோக்குத்தான். தேர்வெழுதி, அரசின் அனுமதி பெற்று, வீட்டிலேயே ஒரு நிலையம் அமைத்து, முன்பின் அறியாதவரோடு சிற்றலையில் உரையாடும் பொழுதுபோக்கு. இலங்கையில் ஒலிபரப்புப் பிறந்ததும் இத்தகைய ஆர்வத்தில்தான் எனலாம். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் ஆர்வலரைத் திரட்டிக் கழகம் அமைத்துப் பரிசோதனைகள் செய்தார். 1925 டிசெம்பரில் கொழும்பு வானொலி ஒலிக்கத் தொடங்கியது. நாளடைவில் ஒலிபரப்புப் பெரிய நிறுவனமாயிற்று; மக்கள் கேட்போராக மட்டும் ஆயினர். லயக் காம்பிராவில் பாட்டும் நாடகமும் கேட்டு வளர்ந்த நம் மூத்தோர் அந்தப் பெட்டிக்கு ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை.

அமெச்சூர் வானொலியில் பேசுவோர் பேச்சுக்குக் கூலி பெறலாகாது. பொருளை மறைக்கும் சங்கேதத்தில் பேசலாகாது. அலைவரிசை எவருக்கும் தனியுடைமையன்று. இவை நல்ல விதிகளே. ஆயினும் நாம் பெரிதாக மதிப்பது வேறொரு வழக்கத்தை. பேசுபவர் செய்தியைச் சொன்னதும் பேச்சை நிறுத்திக் கேட்கிறார். ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலுமாதலால், அவர் நிறுத்தினாலன்றி மறுமொழி வராது. அவசரச் செய்தியானால் கேட்டவர் ஊரின் பெயரை எழுத்தெழுத்தாகவும், எண்ணை இலக்கம் இலக்கமாகவும் திருப்பிச் சொல்வார். 'கியூ எஸ் எல்' என்னும் மூன்றெழுத்துக் குறியீட்டுக்குப் பெற்றுக்கொண்டேன் என்பது பொருள். அதையே வினாவாக அனுப்பினால், பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்துவீரா என்பது பொருள். இந்த ஒப்புகை வரும்வரை செய்தி அனுப்பியவரின் பொறுப்பிலேயே கிடக்கிறது. காற்றில் விட்டேன், கேளாதது உன் குற்றம் என்று அவர் எழுந்து போய்விடுவதில்லை.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தொலைபேசிகளை அழித்தபோது இவ்வழக்கத்தின் பயன் தெரிந்தது. 1950இல் தோன்றிய வானொலிச் சங்கத்தின் உறுப்பினர் சிலர் ஹம்பாந்தோட்டைக்குச் சென்று கருவி நிறுவி, மோட்டார் வண்டி மின்கலத்தின் துணையோடு கொழும்புடன் தொடர்பு கொண்டனர். ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு போர்ட் பிளேயருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, தம் விளையாட்டை அக்கணமே நிறுத்தி, அந்தமான் தீவுகளின் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்குக் கடத்தினார்.

இந்த அளவுகோலைக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் வைத்துப் பார்ப்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் அத்தோட்டத்து லயங்களை மண் மூடியது. அங்கு அபாயம் உண்டென்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் இவர்கள் போகவில்லையே என்றனர் சிலர். மண்ணுக்குள் கிடப்பவர் மீது பழி சுமத்துவது எவ்வளவு எளிது! எங்கே போவது என்பதே அந்த எச்சரிக்கைக்கு வந்த மறுமொழி. சொந்த நிலம் இல்லாதவர், வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவர், வேறென்ன மறுமொழி சொல்ல இயலும்? அதைக் கேட்க மறுமுனையில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. போக இடம் கொடுக்காமல் போகச் சொன்னது அறிவிப்பாகலாம், கடமை தீர்ந்ததாகாது.

ஆகவே தொண்டர் நாலு பேர் கருவியோடு வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நாம் சொல்லவில்லை. தொண்டரைப் புகழ்ந்துகொண்டே தன் பொறுப்பை நழுவவிடும் வித்தை அரசுகளுக்கு நன்கு தெரியும். ஆனால் மலையிலிருந்து பேசும் முனை மலையக மக்களின் கையிலும் இருக்க வேண்டும் என்கிறோம்.

அது முடியாத காரியமன்று. மிக உயர்ந்த அதிர்வெண் அலைகளைக் குன்று மறித்துவிடும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் அளவிலான சிற்றலையைத் தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து மேல்நோக்கி அனுப்பினால், பகலில் அது அயனி மண்டலத்தில் திரும்பி, மழை இறங்குவதுபோல் சுற்றுப்புறமெங்கும் இறங்கும். பள்ளத்தாக்கும் அதற்கு விலக்கன்று. ஏறத்தாழ 20 மீற்றர் கம்பி, ஒரு கருவி, ஒரு மின்கலம் போதும். தேர்வுக்கு அடிப்படையான ஓமின் விதியை நம் வகுப்பறைகளில் சாதாரண தர மாணவர் கற்கின்றனர். கருவியின் விலை நாட்கூலிக்காரருக்கு எட்டாது. பொழுதுபோக்குக்கு வேண்டிய ஓய்வும் கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்ணுக்கு இல்லை. பாடசாலை வாங்கலாம், தொழிற்சங்கம் வாங்கலாம். மேடைக்கு ஒலிபெருக்கி வாங்கும் சங்கங்களுக்கு இது பெருஞ்செலவன்று.

எஞ்சுவது, அக்கம்பியைக் கட்ட இரண்டு மரங்கள். லயத்தைச் சுற்றி மரங்களுக்குக் குறைவில்லை. அவை தோட்டத்துக்குச் சொந்தமானவை. ஆணி அடிப்பதற்குத் துரையின் அனுமதி வேண்டும்.