வானவில் போட்ட கையெழுத்து

கடல் ஏறிக்கொண்டிருக்கிறதே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கத்தான் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் துவாலுவுக்குப் போகிறார்கள். அங்குள்ள வயதானவர்களிடமிருந்து அவர்களுக்குப் பல முறை கிடைத்திருக்கும் பதிலில் கடல்மட்டமும் இல்லை, கரியமில வாயுவும் இல்லை. அதில் நோவா இருக்கிறார். பெருவெள்ளம் வடிந்த பிறகு, இனி இப்படி ஒரு வெள்ளத்தால் உலகை அழிக்க மாட்டேன் என்று கடவுள் நோவாவுக்கு வாக்குக் கொடுத்தார். அதற்கு அடையாளமாக மேகத்தில் வானவில்லை வைத்தார். அந்த வில் இன்றும் தோன்றுகிறது, ஆகவே வாக்கும் இன்றுவரை செல்லும். பிறகு எதற்கு ஊரைக் காலி செய்ய வேண்டும்?

கேட்டவர்கள் இதைப் பெரும்பாலும் அப்பாவித்தனம் என்று எழுதிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய பதில் இது.

துவாலு என்றால் ‘எட்டும் சேர்ந்து நிற்பது’ என்று பொருள். தீவுகள் உண்மையில் ஒன்பது. தெற்குக் கோடியில் உள்ள நியுலகிட்டாவில் ஜனங்கள் பிற்காலத்தில்தான் நிலையாகக் குடியேறினார்கள், அதனால் பெயர் எட்டிலேயே நின்றுவிட்டது. ஒன்பதையும் கூட்டினால் 26 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 11,000 பேர். மலை இல்லை, ஆறு இல்லை. குடிக்கும் தண்ணீர் கூரையிலிருந்து தொட்டிக்கு வர வேண்டும். மழை பொய்த்த 2011இல் அவசரநிலையே அறிவித்தார்கள். நாட்டின் மிக உயரமான இடமே கடலிலிருந்து ஐந்து மீட்டருக்குள்தான். தலைநகரான ஃபுனாஃபுட்டியில் பெரிய திறந்தவெளி என்றால், இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் அமெரிக்கப் படை போட்ட விமான ஓடுபாதைதான். விமானம் வருமுன் சங்கு ஊதும், அதில் பந்து ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஓரம் போவார்கள், விமானம் கிளம்பியதும் ஆட்டம் தொடரும். மணலில் வீடு கட்டியவனைப் புத்தியில்லாதவன் என்கிறது மத்தேயு நற்செய்தி. துவாலுவில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பைபிள் வாசிக்கப்படும் தேவாலயங்கள் நிற்பதே பவள மணலின் மேல்தான்.

அந்த பைபிள் அங்கே வந்து சேர்ந்த கதையும் கடலின் கதைதான். 1861இல் குக் தீவுகளின் மணிஹிக்கியைச் சேர்ந்த எலெக்கானா என்ற திருச்சபை உதவியாளர், துணைக்குச் சிலரோடு, புயலில் திசை தப்பி வாரக்கணக்கில் மிதந்து நுக்குலேலே தீவில் கரை ஒதுங்கினார். உயிர் பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. தீவினருக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தார். பிறகு சமோவாவுக்குப் போய்ப் பயிற்சி பெற்று, 1865இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராகத் திரும்பினார்.

இடையில் 1863இல் வேறு கப்பல்கள் வந்தன. பெரு நாட்டுக்கு ஆள் பிடித்துப்போன கப்பல்கள். வேதம் கற்றுக்கொடுக்கும் ஊருக்குக் கூட்டிப்போகிறோம் என்று ஆசைகாட்டியே நுக்குலேலே மக்களை அவற்றில் ஏற்றினார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தத் தீவிலிருந்தும் ஃபுனாஃபுட்டியிலிருந்தும் நானூறு பேர் அளவில் போனார்கள். ஏறக்குறைய யாரும் திரும்பவில்லை. வெளியிலிருந்து வந்தவன் கொடுத்த வாக்கை நம்பி ஊரில் பெரும்பகுதியை இழந்த ஜனங்கள் இவர்கள். வெளியாரின் பேச்சைக் காட்டிலும் வானவில்லை நம்புகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இன்று மக்களில் மிகப் பெரும்பாலோர் துவாலு கிறிஸ்தவ திருச்சபையைச் சேர்ந்தவர்கள். நாட்டின் முழக்கமே ‘துவாலு கடவுளுக்காக’ என்பதுதான், தேசிய கீதத்தின் பெயரும் அதுவே. 1978 அக்டோபர் 1இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றாலும் அரசர் இன்னும் லண்டன்காரர்தான். நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் 16 பேர், கட்சி கிடையாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் கட்சி எதற்கு என்பது ஒரு பக்கம். ஆனால் கட்சிக் கட்டுப்பாடு இல்லாததால் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பிரதமர்கள் பறிபோனதும் உண்டு. தீவு அளவில் அதிகாரம் ஃபலேகவுப்புலே என்ற ஊர்ச் சபையிடம் இருக்கிறது. சபையும் திருச்சபையும் ஒன்றுக்குள் ஒன்று. நனுமங்கா தீவுச் சபை புதிய மதப்பிரிவுகள் ஊருக்குள் வரக் கூடாது என்று தடை போட்டபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சபைக்குச் சாதகமாக 2005இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2009இல் அது கவிழ்ந்தது. ஊரின் ஒற்றுமை பெரிதா, ஒருவனின் மனசாட்சி பெரிதா என்று அந்த நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நோவாவைப் பற்றிய பேச்சும் இந்த ஊரில் தனிமனிதப் பக்தியாக நிற்பதில்லை, பொது விவகாரமாகிவிடுகிறது.

சரி, வாக்குக்கு வருவோம். ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தைப் பத்திரம் படிப்பதுபோல் படித்தால் ஒரு சங்கடம் தெரியும். மாம்சமான யாவையும் அழிக்கும் ஜலப்பிரளயம் இனி இல்லை என்பதுதான் அதில் எழுதியிருப்பது. உலகம் முழுவதற்குமான உத்தரவாதம் அது. ஒன்பது சிறு தீவுகள் மட்டும் முழுகினால் பத்திரத்தின் எழுத்து மீறப்பட்டதாகாது. ஒரு வக்கீல் இதைச் சொன்னால் பதில் சொல்வது கடினம். துவாலுப் பெரியவர் அதை அப்படிப் படிப்பதில்லை. தன் தீவு போனால் அவருக்கு உலகமே போனதுதான். அங்குள்ள மொழியில் ‘ஃபெனுவா’ என்றால் நிலம், தீவு, அந்தத் தீவின் சமூகம் மூன்றும் ஒரே சொல். அதன் உறவுச்சொல்லான மாவோரிச் சொல்லுக்கு நிலம் என்பதோடு நச்சுக்கொடி என்றும் பொருள் உண்டு. இப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டு யோசிப்பவருக்கு, நிலத்தை விட்டுவிட்டு ஜனத்தை மட்டும் காப்பாற்றும் கடவுள் பாதி வாக்கைத்தான் காப்பாற்றுகிறார்.

இந்த விசுவாசத்தை முதலில் கேள்வி கேட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர், அந்தத் திருச்சபையின் போதகர்களே. திருச்சபையின் பொதுச் செயலாளராக இருந்த தஃபுவே லுசாமா தன் இறையியல் ஆய்வுக்கு வைத்த தலைப்பே ‘குற்றமற்றவர்களுக்குத் தண்டனை’ என்ற பொருள் தருவது. அந்தத் தலைப்பிலேயே வாதத்தின் பாதி இருக்கிறது. நோவா காலத்து வெள்ளம் பாவிகளைக் கொண்டுபோனது, நீதிமானைப் பேழையில் காப்பாற்றியது. இன்றைய வெள்ளமோ தலைகீழ். புகை விட்ட நாடுகள் மேட்டில் இருக்கின்றன, சமையல் புகைக்கு மேல் அதிகம் விடாத நாட்டுக்குள் தண்ணீர் வருகிறது. ஆகவே இது கடவுள் அனுப்பிய வெள்ளமாக இருக்க முடியாது, மனிதன் அனுப்பியது. இப்படிச் சொன்னதும் வானவில் வாக்கு உடையாமல் தப்பித்துவிடுகிறது, குற்றவாளியும் மாறிவிடுகிறார். கடவுள் தன் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறார், மீறியவர்கள் வேறு என்கிறது இந்த வாதம்.

பைபிளில் வரும் யோபுவின் நண்பர்கள் அவரிடம், உனக்குத் துன்பம் வந்தது என்றால் நீ எங்கோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார்கள். துவாலுவிலும் அந்தக் குரல் உண்டு. புயலும் வறட்சியும் நம் பாவத்தின் பலன் என்று உபதேசிப்பவர்கள் இருக்கிறார்கள். போதகர்கள் இந்தக் குரலை எதிர்த்து எடுக்கும் நிலையே ஆழமானதாகத் தெரிகிறது. நோவா வானவில்லைப் பார்த்தது வெள்ளம் வடிந்த பிறகு. அதற்கு முன் அவர் மரம் அறுத்து, கீல் பூசி, பேழை கட்டிக்கொண்டிருந்தார். வாக்கை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று கதையில் எங்கும் இல்லை.

விஞ்ஞானமும் இங்கே எதிர்பார்த்த பக்கம் வந்து நிற்பதில்லை. எரிமலைத் தீவு மெல்லத் தாழ, அதன் விளிம்பில் பவளம் மேலே வளர்ந்துகொண்டே வந்ததால் இந்த வளையத் தீவுகள் உண்டாயின என்று டார்வின் 1842இல் எழுதினார். அதைச் சோதிக்க லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை மூன்று முறை ஆள் அனுப்பித் துளை போட்ட இடம் ஃபுனாஃபுட்டி. முந்நூறு மீட்டருக்கு மேல் போயும் பவளப்பாறைதான் வந்தது. தாழத் தாழ வளரும் நிலம் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. 1972இல் பெபே புயல் ஃபுனாஃபுட்டியைச் சூறையாடியது. அதே புயல் கடலடிப் பவளத் துண்டுகளை வாரிக்கொண்டு வந்து கரையோரம் கிலோமீட்டர் கணக்கில் புது வரப்பு ஒன்றையும் போட்டது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1971 முதல் 2014 வரையான படங்களை ஒப்பிட்டு, துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னது. வானவில்காரர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் தீவு இருப்பது வேறு, தீவில் வாழ முடிவது வேறு. அங்கே குழி தோண்டி, அடியில் ஊறும் நன்னீரில் ‘புலக்கா’ என்ற கிழங்கைப் பயிரிடுவார்கள், நம் சேப்பங்கிழங்குக்கு இராட்சத அண்ணன். பெரிய ஓதம் வரும்போது உப்புநீர் கரைக்கு மேலே வழிவதோடு நிற்பதில்லை, பவளத்தின் துளைகள் வழியாகத் தரைக்குக் கீழிருந்தும் பொங்குகிறது. குழியில் உப்பு ஏறினால் கிழங்கு அழுகும். பரப்பு 2.9 சதவீதம் கூடியது என்று சொல்லி அழுகிய கிழங்கை மீட்க முடியாது.

அரசாங்கமோ தானே ஒரு வாக்கை எழுதிவிட்டது. வெளியுறவு அமைச்சராக இருந்த சைமன் கோஃபே 2021இல் கால்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் அளவு கடலில் நின்று கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்கு உரை பதிவு செய்த படத்தை உலகம் பார்த்தது. அடுத்த ஆண்டு, தீவுகளின் நகலைக் கணினியில் உருவாக்கி வைப்போம் என்றார். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது 2023இல் வந்த அரசமைப்புத் திருத்தம். நிலப்பரப்பை இழக்க நேர்ந்தாலும் துவாலு என்ற நாடு என்றென்றும் இருக்கும் என்று அதில் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாடு என்றால் நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவாடும் தகுதி வேண்டும் என்று 1933ஆம் ஆண்டு மான்டிவிடியோ ஒப்பந்தம் சொல்கிறது. அந்த நான்கில் ஒன்றை உரித்து எடுத்த பிறகும் மிச்சம் இருப்பது நாடுதானா? வெங்காயமா, மாங்காயா என்ற கேள்வி இது. உரிக்க உரிக்க ஒன்றுமில்லாமல் போகுமா, உள்ளே கொட்டை இருக்கிறதா? ஒருமுறை உருவான அரசு, கூறுகளில் ஒன்று மறைந்ததாலேயே அரசு என்ற தகுதியை இழந்துவிட வேண்டியதில்லை என்ற கருத்தைச் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலையில் தெரிவித்தது. கொட்டை இருக்கிறது என்ற பக்கம்தான் அதன் சாய்வு.

இங்கேதான் அந்த வயதானவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும். எது நடந்தாலும் நீ இருப்பாய் என்பது அவருடைய வானவில். எது நடந்தாலும் நாங்கள் இருப்போம் என்பது படித்தவர்கள் எழுதிய சட்டம். இரண்டும் தண்ணீருக்கு எதிராக நிறுத்தப்பட்ட வார்த்தைகள், இரண்டும் கேட்கிறவர் ஒப்புக்கொண்டால்தான் நிற்கும். வித்தியாசம் வாக்குக் கொடுத்தவரில்தான். ஒன்றைக் கடவுள் கொடுத்திருக்கிறார். மற்றதை மற்ற நாடுகள் மதிக்க வேண்டும், அவற்றில் பல புகை விட்ட நாடுகள். எதை நம்புவது அப்பாவித்தனம் என்று இனி யாரும் சட்டென்று சொல்லிவிட முடியாது.

துவாலுக்காரர்கள் இரண்டையும் நம்பிக்கொண்டே மூன்றாவதாக ஒரு வேலையையும் செய்கிறார்கள், பேழை கட்டும் வேலை. ஃபுனாஃபுட்டிக் காயலில் மணலை அள்ளிக் கொட்டிப் புதுநிலம் உயர்த்தியிருக்கிறார்கள். புலம்பெயர்வதும் அவர்களுக்குப் புதிதல்ல. வைத்துப்பு தீவினர் 1940களிலேயே ஃபிஜியில் கியோவா என்ற தீவைத் தங்கள் பணத்தில் விலைக்கு வாங்கி ஒரு பகுதியினரைக் குடியேற்றினார்கள். அப்போது யாரையும் கடல் விரட்டவில்லை.

2023இல் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தத்துக்கு ‘ஃபலேபிலி’ என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரைச் சொந்தம்போல் பார்த்துக்கொள்ளும் கடமையைக் குறிக்கும் சொல் அது. ஆஸ்திரேலிய நிலக்கரியை நினைத்தால் பெயர் கொஞ்சம் உறுத்தும்! அதன்படி ஆண்டுக்கு 280 பேர் வரை நிரந்தரமாகக் குடியேறலாம். அதற்கான விசாவுக்கு 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து 8,000க்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். நாட்டில் முக்கால்வாசிக்கு மேல். வானவில்லை நம்புகிறவர்கள் எதற்கு விண்ணப்பித்தார்கள் என்று கேட்பவர்கள் அந்த விசாவின் விதியையும் படிக்க வேண்டும். பெற்றவர் தீவை விட்டுப் போயே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. போனவர் எத்தனை முறை வேண்டுமானாலும் ஊருக்குத் திரும்பி வரலாம்.