மாற்றுரைக்கும் கல்

இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறவனைத்தான் உலகம் சமர்த்தன் என்கிறது. ஆனால் ஒப்பிடுவதிலும் ஒரு மயக்கம் உண்டு. 'எது?' என்ற கேள்வி மும்முரமாகிவிட்டால், 'எதற்கு?' என்ற கேள்வி சந்தடியில்லாமல் எழுந்து போய்விடுகிறது.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடத்தும் நண்பர் ஒருவர் மூன்று மாதமாக இந்த மயக்கத்தில் இருக்கிறார். பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 7 வாங்குவதா, மெர்சிடிஸ் பென்ஸ் ஜி.எல்.எஸ். வாங்குவதா? இரண்டும் 5 மீட்டருக்கு மேல் நீளம்; இரண்டிலும் மூன்று வரிசை ஆசனங்கள், 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின்; எடை சுமார் இரண்டரை டன்; விலை கோடி ரூபாய்க்கு மேல். ஒன்று செங்கற்பட்டுக்கு அருகிலும் மற்றொன்று புனேயை அடுத்த சாகனிலும் உருவாகின்றன. திங்கட்கிழமை ஒன்று ஜெயிக்கும், வியாழக்கிழமை மற்றொன்று.

அவருடைய ஊர்க் கதையிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. திருமுதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். போடுவதற்கு முன் அதில் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். இறைவன் கொடுத்த பொன்னைக்கூட உரைத்துப் பார்த்தே வாங்கியவர் அவர்!

பொன்னைப் பொன்னோடு தேய்த்து மாற்று அறிய முடியாது. நடுவில் பொன்னல்லாத ஒரு கறுப்புக் கல் வேண்டும். நண்பரிடம் இல்லாதது அந்தக் கல்தான். அவருடைய தாயார் முழங்கால் வலிக்காரர். பிறர் கை பிடிக்காமல் அந்த அம்மாள் எதில் ஏறி உட்கார முடிகிறது? குடும்பத்தில் ஏழு பேரும் சேர்ந்து வருஷத்தில் எத்தனை நாள் பயணம் போகிறார்கள்? சூளையடியில் நிற்கிறவர்களுக்குத் தீபாவளிக்குச் சொன்ன போனஸ் கொடுத்தாயிற்றா? விற்பனைக்காரர் தரும் வழவழப்பான புத்தகத்தில் இவற்றுக்குப் பதில் இல்லை.

ஆடம்பரமே பாவம் என்று உபதேசிக்க நான் வரவில்லை. அவசியமானதை மட்டுமே வாங்குவதென்று உலகம் முடிவு கட்டினால், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர் வீட்டில் அடுப்பு எரியாது. அவசியத்துக்கு மேலே மனிதர்கள் கொஞ்சம் ஆசைப்படுவதால்தான் பல கைகளுக்கு வேலை கிடைக்கிறது. நண்பரின் பணமும் அவர் உழைத்துச் சேர்த்ததுதான்.

ஆசைப்படுவதில் தவறில்லை. என்ன ஆசை என்று தனக்கே தெரியாமல் மறைத்துக்கொள்வதில்தான் தவறு. மண் குழைத்த கைகள் இந்தச் சக்கரத்தைப் பிடித்துச் சன்னதி வீதியில் வருவதை ஊரார் பார்க்க வேண்டும் என்பது ஆசையானால், அதை வாய்விட்டுச் சொல்லிவிடலாம். அந்த வேலையை இரண்டு கார்களும் ஒரே மாதிரி செய்யும். அதற்குக் குதிரைசக்திக் கணக்கும் பட்டியலும் எதற்கு?

கோடி ரூபாய்க்காரர் சங்கதி என்று நாம் சிரித்துவிட வேண்டாம். இரண்டு பட்டுப் புடைவைகளுக்கு நடுவிலும், மகனுக்குக் கிடைத்த இரண்டு கல்லூரிகளுக்கு நடுவிலும், மகளுக்கு வந்த இரண்டு வரன்களுக்கு நடுவிலும் நாமும் இப்படித்தான் நின்று தவிக்கிறோம். தராசு சரியில்லை என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். உரைகல் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.