கறுப்புப் பொட்டு ஆகாதா? ரஸாவின் 'பிந்து'வும் நம் கருவறையும்

 

சாமி படம்னா வேல், மயில், சிரிச்ச முகம் எல்லாம் இருக்கணும்னு நினைப்போம். எஸ்.எச். ரஸா வரைந்த 'பிந்து' ஓவியங்களில் இது எதுவும் கிடையாது. நடுவுல ஒரு பெரிய கறுப்பு வட்டம், அவ்வளவுதான். சில படங்கள்ல அதைச் சுத்தி வளையம் வளையமா சாம்பலும் வெள்ளையும் இருக்கும், சிலதுல சிவப்பும் மஞ்சளும். முதல் தடவை பார்க்கிறவங்க 'இதுல என்ன இருக்கு'ன்னுதான் கேட்பாங்க. கொஞ்ச நேரம் பாருங்க, கண்ணு அந்த வட்டத்தை விட்டு நகராது.

ரஸா 1922-ல் மத்தியப் பிரதேசம் மாண்ட்லா மாவட்டத்துல பிறந்தவர். அப்பாவுக்குக் காட்டிலாகாவுல வேலை. பள்ளிக்கூடத்துல பையன் மனசு ஒரு இடத்துல நிக்கலைன்னு, வாத்தியார் சுவத்துல ஒரு புள்ளி வச்சு அதையே பார்த்துக்கிட்டு உட்காருன்னாராம். 1950-ல் பாரீஸ் போனார். அங்கே பேரும் புகழும் வந்தும் மனசு நிறையல. சுமார் முப்பது வருஷம் கழிச்சு அந்தப் புள்ளி அவர் துணியில வந்து உட்கார்ந்துச்சு. பிறப்பால முஸ்லிம். அதுக்குப் 'பிந்து'ன்னு பேர் வச்சார். திருப்புகழ் பாடுறவங்களுக்கு நாதம், விந்து ரெண்டும் பழகின சொல்தானே, அந்த விந்துதான் இது. மேல் நோக்கிய முக்கோணம், கீழ் நோக்கிய முக்கோணம்னு வரைஞ்சு விதை முளைக்கிறதையும் காட்டியிருக்கார். நம்ம சரவணபவ சக்கரத்தோட அறுகோணமும் அதே ரெண்டு முக்கோணம் சேர்ந்ததுதான்.

கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய ஐந்து நிறங்களை அவர் பஞ்சபூதமா வச்சார். அதுல கறுப்புதான் தாய், மத்த நிறம் எல்லாம் அதுலிருந்து பிறக்குதுங்கிறது அவர் நம்பிக்கை. நான் நாள் முழுக்க ஸ்கிரீன் பார்த்து வேலை செய்றவன். ஸ்கிரீன்ல கறுப்புன்னா சிவப்பு, பச்சை, நீலம் மூணும் சைபர். ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம். பெயின்ட்ல அப்படி இல்லை. எல்லா நிறத்தையும் கலந்துகிட்டே போனா கறுப்புப் பக்கம்தான் போய்ச் சேரும். ரஸாவோட கறுப்பு இந்த ரெண்டாவது வகை. உள்ளே எல்லாம் இருக்கு.

நம்ம பாஷையிலேயே கருன்னா கறுப்பும்தான், வயித்துல வளர்ற உயிரும்தான். மூலவர் இருக்கிற இருட்டு அறைக்குக் கருவறைன்னு பேர். பெரும்பாலான கோயில்ல உள்ளே நிக்கிறது எண்ணெய்க்காப்புல மின்னுற கருங்கல் திருமேனி. கருப்பசாமியைக் காவலுக்கு வச்சுக் கும்பிடுற சனம் நாம.

ஆனா வீட்டுல என்ன செய்றோம்? அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா குங்குமத்தை விட்டுட்டு, திருநீறுக்குக் கீழே கடுகு அளவுல ஒரு கறுப்புப் பொட்டு வச்சுக்கிறாங்க. அக்கா வளைகாப்புல சிவப்பு வளையல், பச்சை வளையல்னு ஊரே வந்து போட்டுச்சு. பெத்த தாயை யாரும் கூப்பிடல. "நீ உள்ளேயே இரும்மா, பிள்ளைக்கு ஆகாது"ன்னு ஒரு பெரியவர் சொல்லிட்டார். அம்மா ஒண்ணும் பேசாம புளிசாதத்தைப் பொட்டலம் கட்டிக்கிட்டு நின்னாங்க. அந்தப் பிள்ளை பிறந்தவுடனே கன்னத்துல என்ன வச்சோம்? மைப் பொட்டு! கண்ணு படாம காக்கிறதும் கறுப்பு, பாட்டி நெத்தியில இருந்தா ஆகாததும் கறுப்பா? எந்த சாஸ்திரம் இது?

அடியார்களே, உங்க வீட்டு விசேஷத்துல அம்மாவோ அத்தையோ தூணோரமா ஒதுங்கி நின்னா, நீங்களே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. முதல் வளையல் அவங்க போடட்டும். யாராவது முறைச்சா முறைக்கட்டும்.

திருச்செந்தூர் மாசித் திருவிழாவுல ஏழாம் நாள் சண்முகருக்குச் சிவப்பு சாத்தி, சிவனா வர்றார். எட்டாம் நாள் காலையில வெள்ளை சாத்தி, பிரம்மா. மதியம் பச்சை சாத்தி, பெருமாள். இந்த வருஷம் பச்சை சாத்தி பார்க்க அம்மா, அக்கா, குட்டிப்பாப்பா, நான் எல்லாரும் போறோம். கூட வர்ற அன்பர்கள் சொல்லுங்க, சேர்ந்தே வேன் வச்சுக்கலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!